தாடையைப் பொருத்தினால் போதுமா? சத்திரசிகிச்சைக்குப் பின் மீண்டும் சப்பிச் சாப்பிடப் பழகுதல்

இலங்கையில் ஆண்களிடையே அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த கூட்டும், புகைத்தலும், மதுவும் அதன் முக்கிய காரணங்கள். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், அதிலுள்ள பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. இந்நோய் முரசிலோ கன்னத்தின் உட்புறத்திலோ தோன்றித் தாடை எலும்பு வரை பரவிவிட்டால், அந்த எலும்பின் ஒரு பகுதியையும் சேர்த்தே அகற்ற வேண்டியிருக்கும். புற்றுநோய் அல்லாத தாடைக் கட்டிகள், வீதி விபத்துகள், வெடிக் காயங்கள் காரணமாகவும் தாடை எலும்பை இழந்தவர்கள் நம்மிடையே உள்ளனர்.

அகற்றிய எலும்புக்குப் பதிலாக உடலின் வேறொரு பகுதியிலிருந்து எலும்பை எடுத்துப் பொருத்தும் சத்திரசிகிச்சை இன்று பரவலாகச் செய்யப்படுகிறது. அது முடிந்து வீடு திரும்பியதும் நோயாளியும் குடும்பத்தினரும் முதலில் கேட்பது, “எப்ப சோறு சாப்பிடலாம்?” என்பதைத்தான். இதற்கு ஒரு திகதியைப் பதிலாகச் சொல்ல முடியாது. எலும்பு பொருந்துவதும் மெல்லும் திறன் திரும்புவதும் வெவ்வேறு விடயங்கள். எலும்பைச் சத்திரசிகிச்சை நிபுணர் பொருத்திவிடலாம். மெல்லும் திறனையோ நோயாளியே பல மாதப் பயிற்சியால் மீட்டெடுக்க வேண்டும். அந்தப் பயிற்சி எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறது என்பதிலேயே பெரும்பாலும் பலன் தங்கியிருக்கிறது.

மெல்லுதல் என்ற கூட்டு வேலை

ஒரு கவளம் சோற்றை மெல்லுவதற்குத் தாடை எலும்பு மட்டும் போதாது. மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்தும் பற்கள் வேண்டும். கீழ்த்தாடையை இயக்க, இருபுறமும் நான்கு சோடித் தசைகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நாக்கும் கன்னமும் உணவை மாறி மாறிப் பற்களுக்கு இடையே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உணவு எங்கே கிடக்கிறது என்பதை உணரும் நரம்புகள் வேண்டும். அரைத்ததை உருண்டையாக்கி விழுங்க உமிழ்நீர் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முதலில் வாய் திறக்க வேண்டும்.

தாடைச் சத்திரசிகிச்சையில் இவற்றுள் பல ஒரே நேரத்தில் பாதிக்கப்படுகின்றன. எலும்புடன் அதிலிருந்த பற்களும் போய்விடுகின்றன. அந்தப் பக்கத்துத் தசைகள் பிடிமானத்தை இழக்கின்றன. கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தரும் நரம்பு தாடை எலும்புக்கு உள்ளேயே ஓடுவதால், எலும்பை வெட்டும்போது அதுவும் பெரும்பாலும் வெட்டுப்படுகிறது. உதடு மரத்துப்போனவருக்கு வாயோரத்தில் கஞ்சி வழிவது தெரியாது. தன் உதட்டைத் தானே கடிப்பதும், சூடான தேநீர் சுடுவதும் தெரியாமற் போகலாம்.

எந்த இடத்து எலும்பு போனது என்பதும் முக்கியமானது. நாடிப் பகுதி போனால், நாக்கைத் தாங்கும் தசைகளின் பிடிமானமே போய்விடும். எலும்பு வைத்துச் சீரமைக்காவிடில் நாக்கு பின்னே சரியும், உமிழ்நீர் ஒழுகும், விழுங்குவதும் பேசுவதும்கூடக் கடினமாகும். பக்கவாட்டு எலும்பு போனால் முகத்தோற்றம் ஓரளவு தப்பும். ஆனால் வாயைத் திறக்கும்போது தாடை வெட்டிய பக்கமாக இழுபடும். அதனால் நல்ல பக்கத்துப் பற்களும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போய்விடும்.

காலெலும்பு தாடையாக மாறும் விதம்

கீழ்த்தாடையைச் சீரமைக்க இன்று பெரிதும் பயன்படுவது கணைக்கால் வெளியென்பு. முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியது இதுதான். உடற்பாரத்தின் பெரும்பகுதியை மற்ற எலும்பே தாங்குவதால், முழங்காலருகிலும் கணுக்காலருகிலும் சிறிது விட்டுவிட்டு, இடைப்பட்ட பகுதியில் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் வரை எடுக்க முடியும்.

குருதிக் குழாயுடன் சேர்த்து இந்த எலும்பை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும் முறையை அவுஸ்திரேலியாவின் இயன் டெய்லர் 1975 இல் காலெலும்பைச் சீரமைப்பதற்காக அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவின் டேவிட் ஹிடால்கோ 1989 இல் அதே எலும்பைக் கீழ்த்தாடைக்குப் பயன்படுத்திய முறையை வெளியிட்டார். நேரான எலும்பைச் சில இடங்களில் ஆப்பு வடிவில் வெட்டி, தாடையின் வளைவுக்கு மடித்து, டைட்டேனியம் தகட்டாலும் திருகாணிகளாலும் பொருத்துவார்கள். பின்னர் சில மில்லிமீற்றர் அகலமேயான குருதிக் குழாய்களை நுணுக்குக்காட்டியின் உதவியுடன் கழுத்திலுள்ள குழாய்களோடு தைத்து இணைப்பார்கள். தேவையானபோது கால் தோலின் ஒரு பகுதியும் எலும்போடு சேர்ந்து வந்து வாயின் உட்புறத்தை மூடும்.

முழுச் சத்திரசிகிச்சையும் எட்டு, பத்து மணித்தியாலங்களுக்கு மேலும் நீடிக்கலாம். இணைத்த குழாய்களில் குருதி உறையும் ஆபத்து முதல் இரண்டு, மூன்று நாட்களிலேயே அதிகம். அதனால்தான் அந்நாட்களில் தாதியர் அடிக்கடி வந்து வாய்க்குள் உள்ள தோலின் நிறத்தையும் சூட்டையும் பார்த்துச் செல்கிறார்கள்.

இப்படிப் பொருத்தப்படும் எலும்புக்கு இரண்டு குறைகள் உண்டு. அது இயல்பான தாடையை விட உயரம் குறைந்தது. எனவே சில வேளைகளில் அதை இரண்டாக மடித்து அடுக்கிவைக்கிறார்கள். வாய்க்குள் வந்த கால் தோலுக்கு உணர்வு கிடையாது. அதன் மேல் உணவு தேங்கிக் கிடந்தாலும் தெரியாது. காலில் முடி அதிகம் உள்ளவர்களுக்கு வாய்க்குள்ளும் அந்தத் தோலில் முடி வளரலாம். இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வைத்தியரிடம் சொன்னால் அகற்ற வழியுண்டு.

முதலில் விழுங்குதல், பிறகுதான் மெல்லுதல்

சத்திரசிகிச்சைக்குப் பின் பொதுவாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் வரை மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாயினாலேயே உணவு கொடுக்கப்படும். வாய்க்குள் உள்ள தையல்கள் உமிழ்நீர் கசியாதபடி ஆறவேண்டும். நோயாளி புரைக்கேறாமல் விழுங்குகிறாரா என்று பார்த்த பின்னரே வாயால் நீராகாரம் தொடங்குவார்கள். இதில் பேச்சுச் சிகிச்சையாளரின் பங்கு பெரியது. அவரது வேலை பேச்சோடு நின்றுவிடுவதில்லை, விழுங்கும் பயிற்சியும் அவருடையதே.

வீட்டார் அன்பினால் செய்யும் தவறு ஒன்று உண்டு. “கொஞ்சம் சோறு தின்றால்தான் தெம்பு வரும்” என்று முன்னதாகவே கெட்டியான உணவைக் கொடுத்துவிடுவார்கள். பொருத்திய எலும்பு தாடையோடு ஒட்டி வளர இரண்டு, மூன்று மாதங்கள் வரை ஆகலாம். அதுவரை தகடும் திருகாணிகளுமே பாரத்தைத் தாங்குகின்றன. கடினமான உணவைக் கடித்தால் திருகாணி தளரலாம், தகடு முறியவும் கூடும்.

வாய் திறப்பதே அடிப்படை

மெல்லும் திறனைப் பறிப்பதில் எலும்பிழப்பை விட வாய் இறுக்கமே சில வேளைகளில் பெரிய எதிரியாகிறது. வளர்ந்த ஒருவரின் முன்பற்களுக்கு இடையே இயல்பான திறப்பு ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீற்றர். தலை, கழுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களில் இது 35 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் கீழே வந்தால் அதை வாய் இறுக்கமாகவே கருதுகிறார்கள். வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு: தன் சொந்த விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு விரல்கள்தான் போகிறதென்றால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இந்த இறுக்கத்துக்குக் காரணங்கள் மூன்று. சத்திரசிகிச்சைத் தழும்பு சுருங்குவது முதலாவது. கதிர்ச்சிகிச்சையால் மெல்லும் தசைகள் நாராக இறுகுவது இரண்டாவது. இது சிகிச்சையோடு நின்றுவிடாமல், மாதங்களும் வருடங்களும் கடந்தும் தொடரக்கூடியது. மூன்றாவது, நீண்டகாலம் பாக்குச் சப்பியவர்களின் கன்னத்தோல் ஏற்கெனவே நார்பிடித்து வெளிறி இறுகியிருப்பது. இத்தகையவர்கள் சத்திரசிகிச்சைக்கு வரும்போதே வாய் அரைகுறையாகத் திறக்கும் நிலையில் இருக்கலாம். இவர்களுக்குப் பயிற்சி இரட்டிப்பாகத் தேவை.

வைத்தியர் அனுமதித்தவுடன், அதாவது தையல்கள் ஆறத் தொடங்கியதும், பயிற்சியைத் தொடங்க வேண்டும். வலி முழுவதும் போகட்டும் என்று காத்திருந்தால் அந்த இடைவெளியில் தழும்பு கெட்டியாகிவிடும். பரவலாகப் பயன்படும் முறை ஒன்று எண்ணால் நினைவில் வைக்க எளிது: நாளுக்கு 7 தடவை, ஒவ்வொரு தடவையும் 7 முறை வாயை விரித்து, ஒவ்வொரு முறையும் 7 செக்கன்கள் அப்படியே பிடித்தல். இதற்கென்று விலைகூடிய கருவிகள் உள்ளன. அவை இல்லாவிட்டாலும் வைத்தியர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கப் பயன்படுத்தும் மரத்தட்டைகளை அடுக்கிப் பின்பற்களுக்கு இடையே வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகலாம். எத்தனை தட்டைகள் போயின என்பதைக் கொப்பியில் திகதியோடு எழுதிவைப்பது நல்லது. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். பின்னடைவு தொடங்கினாலும் உடனே தெரியும்.

இழுவையை உணரும் அளவுக்கு விரிக்க வேண்டும். கூர்மையான வலியோ இரத்தக்கசிவோ வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும். கதிர்ச்சிகிச்சை நடக்கும் காலத்தில் வாய்ப்புண்கள் காரணமாகப் பலர் பயிற்சியைக் கைவிடுகிறார்கள். விட்டுவிடக்கூடாத காலமே அதுதான். சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் சற்று முன்னர் வலிநிவாரணி எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாடை ஒரு பக்கம் இழுபடுபவர்கள் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்ய வேண்டும். மேல் முன்பற்களின் நடுக்கோட்டைக் குறியாக வைத்து, கையால் தாடையை மெதுவாக நேரே தள்ளி, மூடித் திறக்கப் பழகலாம். தேவைப்பட்டால் பற்களைச் சரியான இடத்துக்கு வழிநடத்தும் கருவியைப் பல் வைத்தியர் செய்து தருவார்.

உணவில் படிப்படியாக முன்னேறுதல்

பின்வருவன பொதுவான படிகள். ஒவ்வொருவருக்கும் உரிய காலத்தை அவரவர் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

முதற்படி நீராகாரம்: வடித்த கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், முள்ளில்லாமல் அரைத்து வடித்த மீன்சாறு. வெறும் கஞ்சித் தண்ணீரில் பசி அடங்கும், உடல் தேறாது. சத்திரசிகிச்சைக்குப் பின் உடலின் ஒவ்வொரு கிலோகிராம் நிறைக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ நிறையுள்ளவருக்கு இது 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது ஏறத்தாழ 6 கிராம்தான். எனவே கஞ்சியில் பால்மா, நன்கு வேகவைத்து மசித்த பருப்பு, அவித்து அரைத்த மீன், சிறிது நெய் அல்லது தேங்காய்ப்பால் என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்கள் போசணை ஆலோசகரைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாம் படி, மெல்லாமல் நாக்கால் நசுக்கக்கூடிய உணவு: குழைந்த சோறும் பருப்பும், உழுத்தங்களி, தயிர், பப்பாசி, நன்கு கனிந்த வாழைப்பழம், முட்டைப்பொரியலின் மென்மையான வடிவம், மசித்த உருளைக்கிழங்கு. காரமான கூழைத் தவிர்த்து, மிளகாய் குறைத்து முள் நீக்கிய மீனுடன் காய்ச்சலாம்.

மூன்றாம் படி, இலேசாக மெல்ல வேண்டிய உணவு: சொதியில் ஊறிய இடியப்பம், இட்டலி, ஆவியில் அவித்த மீன், நன்கு அவிந்த மரவள்ளிக் கிழங்கு, முருங்கைக்காயின் வழித்தெடுத்த சதை. இந்தக் கட்டத்தில் சிறிய கவளமாக, நல்ல பக்கத்துப் பற்களில் வைத்து, ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி மெல்லப் பழகுவது நல்லது. நாக்கு வேலை செய்யத் தயங்கினால் விரலாலோ கரண்டியாலோ உணவைப் பற்களின் மேல் வைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

புட்டும் பாணும் பார்வைக்கு மென்மையானவை, ஆனால் இவர்களுக்குக் கடினமானவை. புட்டு உதிர்ந்து உணர்வற்ற தோலில் தங்கும். பாண் உமிழ்நீர் இல்லாத வாயில் பசையாக ஒட்டும். இரண்டையும் சொதி, பால் போன்றவற்றில் நன்கு ஊறவைத்த பின்னரே முயல வேண்டும். இறைச்சி, ரொட்டி, முறுக்கு, பச்சைக் கரட் ஆகியன கடைசிப் படி. பலர் அங்கே போய்ச் சேர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பற்கள் எப்போது?

புதிய எலும்பில் பல் இல்லை. கழற்றி மாட்டும் செயற்கைப் பற்தொகுதி உட்கார, உயரமான முரசுமேடும் அசையாத தோலும் வேண்டும். மாற்றிய தாடையில் இரண்டுமே குறைவு. அதனால்தான் எலும்பில் திருகிப் பொருத்தும் டைட்டேனியம் பல்வேர்கள் இங்கு பெரிதும் உதவுகின்றன. டைட்டேனியம் உயிருள்ள எலும்போடு இறுகப் பிணையும் என்பதைக் கண்டறிந்த சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர் இங்வார் பிரனமார்க், 1965 இல் பிறவியிலேயே தாடைக் குறைபாடுள்ள ஒருவருக்கு முதன்முதலாக அத்தகைய வேர்களைப் பொருத்தினார். அவை 40 வருடங்களுக்கு மேல், அந்த மனிதர் இறக்கும்வரை பயன்பட்டன.

வேர்கள் எலும்போடு பிணைய வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதங்கள் தேவை. கதிர்ச்சிகிச்சை பெற்ற எலும்பில் தோல்வி வாய்ப்புக் கூடுதலாக இருப்பதால், சில நிபுணர்கள் முதற் சத்திரசிகிச்சையிலேயே வேர்களை வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் கதிர்ச்சிகிச்சை முடிந்து பல மாதங்கள் காத்திருக்கிறார்கள். கணினியில் முன்கூட்டியே திட்டமிட்டு எலும்பையும் வேரையும் பற்களையும் ஒரே நாளில் பொருத்தும் முறையை நியூயோர்க் மருத்துவர்கள் 2013 இல் வெளியிட்டனர். அது எல்லோருக்கும் ஏற்றதல்ல, எல்லா இடங்களிலும் கிடைப்பதுமல்ல. புற்றுநோய் அல்லாத கட்டிக்காகத் தாடை அகற்றப்பட்டவர்களுக்குக் கதிர்ச்சிகிச்சை தேவைப்படாததால், அவர்களுடைய மெல்லும் திறன் பொதுவாக நன்றாகத் திரும்புகிறது.

கதிர்ச்சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

தேவைப்படும் நோயாளிகளுக்குக் கதிர்ச்சிகிச்சை பொதுவாகச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறு வாரங்களுக்குள் தொடங்கி, வாரத்தில் ஐந்து நாட்களாக ஏறத்தாழ ஆறு வாரங்கள் நடைபெறும். அது உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பாதிக்கும். உமிழ்நீர் இல்லாத வாயில் மெல்லுவதும் கடினம், எஞ்சிய பற்களும் வேகமாகச் சொத்தையாகும். தண்ணீர்ப் போத்தலை எப்போதும் கையில் வைத்திருப்பதும், சாப்பாட்டில் குழம்பை அதிகம் சேர்ப்பதும், புளோரைட் உள்ள பற்பசையால் துலக்குவதும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் உப்புநீரால் வாயைக் கொப்பளிப்பதும் வழக்கமாக வேண்டும்.

கதிர்பட்ட கீழ்த்தாடையில் பின்னர் பல்லைப் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே இறந்துபோகும் ஆபத்து உண்டு. இந்த ஆபத்து வருடக்கணக்கில் நீடிப்பது. எனவே கெட்ட பற்களைக் கதிர்ச்சிகிச்சைக்கு முன்னரே அகற்றி, காயம் ஆற அவகாசம் விடுவார்கள். பின்னாளில் எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், “எனக்குத் தாடையில் கதிர்ச்சிகிச்சை செய்திருக்கிறார்கள்” என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

ஆறாத புண், வாய்க்குள் எலும்போ தகடோ தெரிவது, சீழ், தாடையில் புதிதாக ஏற்படும் அசைவு அல்லது ‘டக்’ என்ற சத்தம், நன்றாகத் திறந்துவந்த வாய் திடீரென இறுகுவது, தண்ணீர் குடிக்கும்போது புரைக்கேறி இருமல் வருவது, நிறை தொடர்ந்து குறைவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது.

சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டியவை

மகரகம அபேக்ஷா வைத்தியசாலை, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு என்று சிகிச்சையின் ஒவ்வொரு கட்டமும் வெவ்வேறு இடத்தில் நடக்க நேரிடலாம். சத்திரசிகிச்சை ஓரிடம், கதிர்ச்சிகிச்சை இன்னோரிடம், பல் வேறோரிடம் என்று அலையும்போது, வாய்ப் பயிற்சியைச் சொல்லித்தருவது யார் என்ற கேள்வி இடையில் விழுந்துபோகிறது. எனவே அனுமதிக்கப்படும் முன்னரே சில கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். என் வாய் இப்போது எத்தனை மில்லிமீற்றர் திறக்கிறது? எந்த நாளிலிருந்து பயிற்சி தொடங்கலாம், யார் காட்டித் தருவார்? எந்தப் பற்களை முன்னரே பிடுங்க வேண்டும்? பல்வேர் வைக்கும் எண்ணம் உண்டா, எப்போது, அதன் செலவை யார் ஏற்பது? காலில் எப்போது பாரம் போட்டு நடக்கலாம்?

சிகிச்சைக்குப் பின்னும் வெற்றிலை, பாக்கு, புகைத்தலைத் தொடர்ந்தால் காயம் ஆறுவது தாமதமாகும், புற்றுநோய் மீண்டும் வரும் ஆபத்தும் கூடும். வாய் ஓரளவு திறக்கத் தொடங்கியதும் “ஒரு வாய்” என்று பழைய பழக்கத்துக்குத் திரும்புவது, செய்த பயிற்சி முழுவதையும் வீணாக்கும்.

வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. இவர்கள் சாப்பிட முன்பை விட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், வாயோரம் வழியும், இடையிடையே துடைக்க வேண்டியிருக்கும். இதனால் பலர் குசினியில் தனியே சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள், கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். தனியே சாப்பிடுபவர் குறைவாகவே சாப்பிடுவார். அதே பானையிலிருந்து எடுத்த சோற்றைக் குழையப் பிசைந்து, எல்லோருடனும் ஒன்றாக இருத்தி, அவர் முடிக்கும்வரை யாராவது ஒருவர் எழும்பாமல் இருப்பது போதும்.